கதவில்லாத ஊரில் ஒரு கதவுச் சத்தம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவர் என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். அல்லது கட்டிக்கொள்ள முடியாமல் போகப் போகிறவர். எது என்பது இந்தக் காகிதங்களைப் பொறுத்தது என்று அவர் நம்புகிறார்.

"நேர்ல சொல்ல வாய் வரலை சார். நீங்க ஒரு கதையா எழுதிடுங்க. நீங்க எழுதுற எல்லாத்தையும் அவங்கதானே முதல்ல படிக்கறாங்க. படிச்சாப் புரிஞ்சுக்குவாங்க."

பல வருடமாக வார இதழ்களில் தொடர்கதை எழுதுகிறேன். மந்திரி மகளைக் கடத்தியிருக்கிறேன். நல்ல மனிதர்களை லிஃப்டுக்குள் கொன்றிருக்கிறேன். ஆனால் என்னை யாரும் தபால்காரனாக்கியதில்லை.

ஒப்புக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள். அவரை எனக்குப் பிடிக்கும். எழுத வேறு கதை கைவசம் இல்லை, ஆசிரியர் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இதில் எது முதல் காரணம் என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'தியேட்டரின் இருட்டில் ஒரு கை அவன் கையை இறுகப் பற்றியது. ஜில்லென்றிருந்த அந்தக் கை—'

வேண்டாம். பற்றியது என் தங்கை. பற்றப்பட்டது என் கை. ஜில்லென்று இருந்ததற்கு ஐஸ்கிரீம் காரணம். இதை வைத்து ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது.

இரண்டாம் முயற்சி:

'அந்த ஊரில் கதவுகளே இல்லை.'

இது நல்ல வரி. ஆனால் என்னுடையதல்ல. தங்கை தலைமாட்டில் வைத்திருக்கும் நாவல் ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அடுத்தவர் வரியைத் திருடுவதென்றால் அவளுக்குத் தெரியாத புத்தகத்திலிருந்து திருட வேண்டும்.

மூன்றாம் முயற்சி, நேராக:

என் தங்கை காது பரிசோதிப்பவள். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் சத்தம் புகாத சின்னக் கூண்டு ஒன்று இருக்கிறது. உள்ளே ஒருவரை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிட்டு வெளியே வருவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு நாள் சினிமாவுக்குச் சத்தம் போடுகிறவர், அதாவது காலடி, மழை, கண்ணாடி உடைவது என்று படத்துக்கு ஒலி செய்து சேர்க்கிறவர் ஒருவர் வந்தார். காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது, அதனால் சரிபார்த்துக்கொள்ள வந்திருந்தார். அன்று மாலை தங்கை வீட்டுக்கு வந்து சிரித்தாள்.

"காது நல்லா இருக்கு அண்ணா. ஆனா நான் ஒண்ணுமே அனுப்பாதப்பவும் அழுத்தறார். ஏன் சார்னு கேட்டா, 'சும்மா உக்காந்திருக்கக் கஷ்டமா இருந்துச்சு'ன்றார்."

"யாரு?"

"சத்தம்."

வீட்டில் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சத்தம் மறுபடி வந்தார். காதில் ஒரு குறையும் இல்லாத மனிதர் எத்தனை முறை காது பரிசோதனைக்கு வருவார்? உங்களுக்கே புரியும்.

[இங்கே காதல் காட்சிகள் வர வேண்டும். அண்ணன்காரன் எழுதுவதால் வராது.]

3

இப்போது அந்த நாவலைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தங்கைக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று உங்களுக்குப் பிடிபடாது.

ஓர் அரசாங்கம் ஊரிலுள்ள கதவுகளையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறது. மறைக்க ஒன்றுமில்லாதவனுக்குக் கதவு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. தச்சர்கள் கண்காணிப்பில் இருக்கிறார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டாலும் குற்றம். கதாநாயகி வீடு வீடாகப் போய்த் திரைகளைச் சோதிக்கும் அரசு ஊழியை. மெல்ல மெல்ல அவளுக்கே தாங்க முடியாமல் போகிறது. புரட்சி எதுவும் வெடிப்பதில்லை. கடைசிப் பக்கத்தில், கதவு இருந்த வெற்று நிலைக்குப் பின்னால் அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரன் வருகிறான். அவள் அவன் கண்ணுக்கு முழுக்கத் தெரிகிறாள். ஆனாலும் அவன் நிலைக்கு வெளியே நின்று, காற்றில் மூன்று முறை தட்டிவிட்டு, அவள் 'வாங்க' என்று சொல்லும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான்.

முடிந்தது நாவல்.

முதலில் படித்தபோது, "அவ்வளவுதானா? ஒரு துப்பாக்கிகூட இல்லையே" என்றேன். தங்கை ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

(ஓரக் குறிப்பு: நாங்கள் வளர்ந்த வீட்டில் இரண்டே அறைகள். அவள் படுக்கும் மூலைக்கு ஒரு பழைய போர்வைதான் மறைப்பு. அப்பா, அம்மா, நான், வந்த விருந்தாளி, எல்லோரும் சொல்லாமல் கொள்ளாமல் போர்வையைத் தூக்கிக்கொண்டு நுழைவோம். இது கதைக்கு அவசியமா என்று யோசித்தேன். விட்டால் அவள் வெறும் புத்தகப் பைத்தியமாகத் தெரிவாள். இருக்கட்டும்.)

4

அந்த நாவலைப் படமாக எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது தங்கை கால் தரையில் படாமல் நடந்தாள். படத்துக்குச் சத்தம் போடப் போவது நம்ம சத்தம்தான் என்று தெரிந்தபோது, வீட்டிலேயே ஒரு ஆஸ்கர் விழா நடக்காத குறை.

படம் வந்தது. நான், மனைவி, தங்கை மூவரும் போனோம். சத்தம் வரவில்லை. தான் வேலை செய்த படத்தைத் தியேட்டரில் பார்ப்பதில்லை என்பது அவர் விரதம்.

திரைச் சோதனை செய்யும் பெண், படத்தில் கதாநாயகனின் காதலியாகியிருந்தாள். கதாநாயகன் யார்? நாவலில் காற்றில் தட்டும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். இங்கே அவன் முன்னாள் ராணுவ வீரன். ஓடுகிறான், தாவுகிறான். ஒரு மலை உயரக் கதவுக்கு முன்னால் நூறு பேரோடு ஆடுகிறான். கடைசியில் சர்வாதிகாரியின் கிடங்கு வெடித்து, வானத்திலிருந்து கதவுகள் மழையாகக் கொட்டுகின்றன. அவரவர் கதவு அவரவர் வீட்டு வாசலில் வந்து விழுகிறது. சரியான விலாசத்தில்.

தொடர்கதைக்காரனான எனக்கே கூசியது.

திரும்பி நடந்து வரும்போது தெருவிளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன.

"எனக்குப் பிடிச்சுதுப்பா. அந்தக் கதவெல்லாம் விழுந்துச்சே, அது நல்லா இருந்துச்சு" என்றாள் என் மனைவி.

"அண்ணி, நீங்க பேசாம வாங்க."

"பேசாமத்தான் வரேன். பிடிச்சுதுன்னு சொன்னா அது பேசறதா?"

"காத்துல தட்டறதையே எடுத்துட்டாங்க அண்ணி. அந்த ஆளு நேரா உள்ள வந்து அவளைத் தூக்கிட்டுப் போறான். கேக்கக்கூட இல்ல."

மனைவி தங்கையின் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

ஆனால் தங்கை என் கையை இறுகப் பற்றியது எப்போது? படத்தின் நடுவில். மேலதிகாரி கதாநாயகியைத் திட்டிவிட்டு அறையை விட்டுப் போகிறார். கேமரா அவள் முகத்திலேயே நிற்கிறது. அதிகாரியின் காலடி தேய்ந்து தேய்ந்து போகிறது. பிறகு, வெகு தூரத்தில், மெல்ல, ஒரு கதவு சாத்தப்பட்டுக் கொக்கி விழும் சத்தம்.

"கேட்டியா?" என்றாள் தங்கை காதோடு.

"எது?"

"கதவு."

கதவில்லாத ஊரில் கதவுச் சத்தம். தியேட்டரே பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தது. கேட்டது அவள் ஒருத்திக்குத்தான் என்று நினைத்தேன்.

5

பல நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணா, அந்த ஆபீசர் வீட்ல கதவு இருக்கு."

"எந்த ஆபீசர்?"

"படத்துல. ஊர்க் கதவெல்லாம் கழட்டினவன் தனக்குன்னு ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கான். அந்தச் சத்தத்துக்கு அதான் அர்த்தம். நாவல்லகூட இது இல்ல. ஆனா நாவல்ல இருந்திருக்க வேண்டியது. மொத்தப் படத்துலயும் புத்தகத்தைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆள், அந்தச் சத்தத்தைப் போட்ட ஆள்தான்."

ஈரச் சட்டையை அப்படியே என் தோளில் போட்டுவிட்டுப் போனைத் தேடி ஓடினாள்.

அவள் மட்டுமில்லை. இணையத்தில் இன்னும் சிலர் அதே சத்தத்தைப் பிடித்திருந்தார்கள். கட்டுரையே வந்துவிட்டது. பேட்டியில் ஒருவர் கேட்டபோது இயக்குநர் பதில் சொல்லாமல் மர்மமாகச் சிரித்தார். (மர்மச் சிரிப்பு என்பது பதில் தெரியாதவன் சிரிப்பது. என் தொடர்கதையில் வரும் துப்பறிவாளர் அத்தியாயத்துக்கு இரண்டு முறை அப்படித்தான் சிரிப்பார்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சத்தம் வீட்டுக்கு வந்தபோது தங்கை கேட்டாள்: "அந்தக் கதவு... நீங்கதானே?"

அவர் தலையாட்டினார்.

கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அவர் கேட்டு வெகுநாளாயிற்று. பார்க்கலாம், யோசிக்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் சரி என்றாள்.

6

அவருடைய வேலை இடத்துக்கு நான் போனது அதற்கடுத்த வாரம். அவரே கூப்பிட்டிருந்தார்.

அறை முழுக்கக் குப்பை என்று நினைத்தேன். அவருக்கு அதெல்லாம் கருவி. ஒரு தொட்டியில் மணல், ஒன்றில் சரளைக்கல், ஒன்றில் காய்ந்த இலை. சுவரோரம் வரிசையாகச் செருப்புகள், அதில் பாதி பெண்கள் செருப்பு. நடு அறையில் எந்தச் சுவரோடும் ஒட்டாமல் ஒரு கதவு தனியாக நிலையோடு நின்றது. அதில் மட்டும் ஏழெட்டு விதமான பூட்டு, தாழ்ப்பாள், கொக்கி. சினிமாவில் எந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டாலும், பங்களாவோ ஜெயிலோ, சாத்தப்படுவது இந்தக் கதவுதான்.

டீயில் பிஸ்கட்டை நனைத்தார். பேச ஆரம்பிக்குமுன் பாதி உள்ளே விழுந்துவிட்டது.

"சார், நான் அந்தப் புத்தகத்தைப் படிச்சதே இல்ல."

"பரவாயில்ல, நானே ஒரு தடவைதான்."

"அது இல்ல சார். அந்தக் கதவு..." கரண்டியால் பிஸ்கட்டைத் தேடினார். "ஊர்ல கதவே கிடையாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லித்தான் வேலை கொடுத்தாங்க. ஆனா ஒருத்தர் ரூமை விட்டுப் போறார், அவர் காலடிக்கு நான் படத்தைப் பாத்துக்கிட்டே இங்க நடக்கறேன். காலடி முடியுது. முடிஞ்சா கதவு சாத்தணும். இத்தனை வருஷமா அப்படித்தான் சார். கை தானா போய்ச் சாத்திடுச்சு. நான் கவனிக்கலை. எல்லாச் சத்தத்தையும் கலந்து சேக்கறவரும் கவனிக்கலை. டைரக்டர் எதைத்தான் கவனிச்சார்?"

"தப்பா விழுந்த சத்தமா?"

"சுத்தமான தப்பு."

"அப்ப ஏன்யா தலையாட்டினீங்க?"

"அவங்க அப்படிப் பாத்தாங்க சார். என் வேலையை யாரும் அப்படிப் பாத்ததில்ல. நீங்களான்னு கேட்டாங்க, நான்தான். அதுவரைக்கும் நிஜம். மிச்சத்தைச் சொல்றதுக்குள்ள சரின்னுட்டாங்க."

அப்புறம்தான் அந்த ஆர்டர்: கதையா எழுதிடுங்க.

7

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பாத்திரத்தைப் பற்றி.

ஒரு தலையாட்டலுக்காக இப்படி உருகுகிற ஆள் உண்டா? ஆசிரியரிடம் சுருக்கம் சொன்னேன். "என்ன சார், இதுல குற்றம் எங்க? பொணம் எங்க? ஒரு ஆளு தலையை ஆட்டினாராம், அதுக்கு ஒரு கதையாம்" என்றார். பழைய கல்யாணம் ஒன்றைச் சத்தத்துக்குச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தும் பார்த்தேன். ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை. டீக்குள் விழுந்த பிஸ்கட்டைக் கரண்டியால் தேடுகிற மனிதருக்கு இரண்டு பெண்டாட்டி ஒட்டாது.

ஆகவே குற்றம் இவ்வளவுதான். அவள் சொன்ன 'சரி' ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. பொய்யை எடுத்துவிட்டால் 'சரி' நிற்குமா, விழுமா?

தயாராக இருக்கும் முடிவுகள்:

முடிவு அ. அவர் கடைசிவரை சொல்லவில்லை. கல்யாணம் ஆகிறது. பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் உண்மை வெளிவர, அவள்— வேண்டாம். அவள் என் தங்கை. பல வருடம் ஏமாற வைக்க மனசு வரவில்லை.

முடிவு ஆ. அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். இது என் தொழிலில் அவசர உதவிப் பெட்டி மாதிரி. வேறு வழியே இல்லாதபோது எல்லோருக்கும் எல்லாம் முதலிலேயே தெரிந்திருக்கும். நான் நிறையப் பயன்படுத்திவிட்டேன். வாசகர்கள் இப்போது பாதியிலேயே கண்டுபிடித்துப் போஸ்ட் கார்டு போடுகிறார்கள்.

முடிவு இ. சத்தம் அவள் அறை வாசலுக்கு வந்து, கதவு திறந்திருந்தும் காற்றில் மூன்று முறை தட்டி—

எழுதும்போதே கண் கலங்கியது. கண் கலங்கினால் நிறுத்திவிட வேண்டும் என்பது என் அனுபவம். மேலும் அவர் புத்தகத்தைப் படிக்கவில்லை. காற்றில் தட்ட அவருக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.

இதையெல்லாம் மனைவியிடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒரு மனுஷனுக்கு வாய் இருக்கு, ஒரு மனுஷிக்குக் காது இருக்கு. அதுவும் காது டாக்டர் கணக்கா. நடுவுல உங்க கதை எதுக்கு?"

"அவருக்கு வாய் வரலைம்மா."

"வரும். மேஜை மேல வைங்க."

8

வைத்தேன். நீங்கள் இதுவரை படித்த அத்தனையும், முடிவு அ, ஆ, இ உட்பட. எப்போதும் போல ஒரு பென்சிலையும் பக்கத்தில் வைத்தேன். தங்கை வேலை முடிந்து வந்து, கைப்பையைக் கழற்றாமலே நின்றபடி படிக்க ஆரம்பித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

நான் அடுத்த அறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்ததாக மனைவி பிற்பாடு சொன்னாள். அது கட்டுக்கதை. பக்கவாட்டில்தான் பிடித்திருந்தேன்.

காகிதங்கள் திரும்பி வந்தபோது அவளுடைய பென்சில் குறிப்புகள் இருந்தன. 'காது டாக்டர் கணக்கா' என்ற இடத்தில்: [அண்ணிக்கு என் நன்றி.] ஐஸ்கிரீம் விஷயத்தில்: [ஐஸ்கிரீம் உன் கையில இருந்தது.] போர்வை பற்றிய ஓரக் குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். ஆறாவது பகுதி முழுக்கச் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

"அந்தச் சத்தம் தப்பா விழுந்ததா?" என்றாள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு.

"அவர் அப்படித்தான் சொல்றார்."

"கை தானா போய்ச் சாத்துச்சாமா?"

"ம்."

பிறகு நான் எதிர்பார்க்காததைச் சொன்னாள்.

"அப்ப இது இன்னும் நல்லா இருக்கு அண்ணா. ஆபீசர் ஒளிச்சு வச்ச கதவு, அது உன் தொடர்கதை மாதிரி. இது வேற. கதவே இல்லாத ஊர். ஆனா ஒரு கை பழக்கத்துல போய்ச் சாத்துது. யாரும் கழட்ட முடியாத கதவு அது. இதை யோசிச்செல்லாம் பண்ணவே முடியாது."

எனக்கு உயிர் வந்தது. எழுந்தே விட்டேன். "அப்ப பிரச்சினை இல்ல?"

"கை தானா போச்சு, சரி. தலை? தலையும் தானா ஆடுச்சா?"

உட்கார்ந்துவிட்டேன்.

"படிச்சதே இல்லன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"தின்னுடுவே" என்றாள் மனைவி உள்ளிருந்து. "படம் பிடிச்சுதுன்னு சொன்னதுக்கே என்னை வழி நெடுகத் தின்னே."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வரவிடாமல் அடக்கிக்கொண்டு தன் அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது கையில் அந்த நாவல் இருந்தது. முதுகு பிய்ந்து இரண்டு முறை ஒட்டுப் போட்ட பிரதி. யாருக்கும் தொடக் கொடுக்க மாட்டாள். நானே நூலகத்தில் வாங்கித்தான் படித்தேன்.

"முடிவை நீ எழுதாத" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

9

துப்பறியும் கதைக்காரன் வீட்டில் தடயம் என்றால் சும்மா விடுவோமா?

"கோவமா இருந்தா அந்தப் புத்தகத்தைத் தூக்கிட்டுப் போவாளா?" என்றாள் மனைவி.

"கோவமா இருந்தாத்தான் தூக்கிட்டுப் போவா. மூஞ்சியில விட்டெறிய."

"அதையா? அதை விட்டெறிஞ்சா ஒட்டு போயிடும். எறியணும்னா உங்க புத்தகத்துல ஒண்ணை எடுத்திருப்பா."

போய் என் அலமாரியைப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. மிச்சத்தை அவளாகச் சொன்னாள், சாப்பிட்டுக்கொண்டே, உப்பு போதவில்லை என்று சொல்வது போல. சத்தம் நேரில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். வாய் வந்துவிட்டது. அவள் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, "இதைப் படிச்சு முடிங்க. அப்புறம் என்னை மறுபடி கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம்.

"கேட்டா என்ன சொல்லப் போற?" என்றேன்.

"கேக்கட்டும். முதல்ல எப்படிக் கேக்கறார்னு பாக்கணும்."

பழைய 'சரி' ரத்து. புதிய 'சரி' இன்னும் இல்லை. 'இல்லை'யும் இல்லை. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். என் வீட்டில் எனக்குத் தெரிந்த நம்பகமான தடயம் அது ஒன்றுதான், அதையும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

10

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோளோடு இதை அனுப்புகிறேன். நாவலின் கடைசிப் பக்கத்தை மூன்றாம் பகுதியில் போட்டு உடைத்திருக்கிறேன். ஆகவே சத்தம் புத்தகத்தை முடிக்கும்வரை இதை அச்சில் ஏற்றக் கூடாது. முன்கூட்டியே சொன்னபோது ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஒப்புக்கொண்டார், அந்த வாரத்துக்கு ஏதோ ஒரு பிணம் கிடைத்திருக்க வேண்டும்.

எனவே, இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் அவர் முடித்துவிட்டார். போய்க் கேட்டும் இருப்பார். எப்படிக் கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு இந்த வரியை எழுதும்போது தெரியாது. உங்களுக்கு அந்தக் கடைசிப் பக்கமும் தெரியும், என் தங்கையையும் இப்போது தெரியும். என்னைவிட நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள்.

அவர் வேகமாகப் படிக்கிறவர் அல்ல. படிக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் வாயால் சத்தம் போட்டுப் பார்க்கிறாராம், காலடி, காற்று, திரை கிழிவது எல்லாம். சற்றுமுன் கூப்பிட்டார். இத்தனை காலம் 'சார்' என்றவர், பதற்றத்தில் முறையை மாற்றிவிட்டார்.

"மச்சான், முக்கால்வாசி வந்துட்டேன். தாங்க முடியலை. அந்தப் பொண்ணுக்குக் கடைசியில என்னதான் ஆகுது?"

என் வாழ்நாள் முழுக்க வாரா வாரம் வாசகர்கள் என்னிடம் கேட்ட கேள்வி அது. இத்தனை சந்தோஷமாக நான் யாருக்கும் பதில் சொல்ல மறுத்ததில்லை.

"படிங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.